ஓடுகிற தறியும் ஓடாத பொழுதும்

மே 12, செவ்வாய்

அக்னி நட்சத்திர வெயில். பதினோரு மணிக்கு மேல் ஓமலூர் கடைவீதியில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடுகிறது. விடுமுறைக்கு வந்திருக்கும் பேரனிடமிருந்து காலையிலிருந்து ஒரே பாட்டு: “தாத்தா, போரடிக்குது.” கையில் செல்போன் இருக்கிறது, டிவி ஓடுகிறது, சமையல்கட்டில் சேலத்து மாம்பழம் கூடை நிறைய இருக்கிறது. ஒன்றும் இல்லாததால் வருகிற அலுப்பு இல்லை இது.

கனடாவின் யார்க் பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் ஈஸ்ட்வுட் 2012இல் தம் சகாக்களோடு எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாக வரையறுத்திருக்கிறார். மனம் நிறைகிற ஒன்றில் இறங்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. ஆனால் இறங்க முடியவில்லை. அந்தத் தவிப்புதான் சலிப்பு. சோம்பலில் அந்த ஆசையே இருக்காது. அதனால் போரடிக்கிறது என்று சொல்லும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவது அநியாயம். பசிக்கிறது என்று சொன்னால் திட்டுவோமா?

பெரியவர்களுக்கு மட்டும் என்ன வாழ்கிறது! 2014இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டிமதி வில்சன் குழுவினர் ஒரு சோதனை செய்து ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். வெறும் அறையில் 15 நிமிடம் தனியாக உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் ஷாக் அடிக்கும். அந்த ஷாக்கைத் தவிர்க்கக் காசு கொடுக்கவும் தயார் என்று முன்பே சொன்னவர்கள்தான் அவர்கள். அவர்களிலேயே 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் தாமாகப் பொத்தானை அழுத்திக்கொண்டார்கள். வெறும் மனதோடு கால் மணி நேரம் இருப்பது அவ்வளவு சிரமம். செல்போனை மேலே மேலே தள்ளிக்கொண்டிருக்கும் விரலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பொத்தான் ஞாபகம் வருகிறது. செல்போன் சலிப்பைத் தீர்ப்பதில்லை. அடுத்த நொடிக்குத் தள்ளிப்போடுகிறது.

மே 14, வியாழன்

சாயங்காலம் திண்ணையில் கரித்துண்டால் ஆடுபுலிக் கட்டம் வரைந்தேன். 23 புள்ளிகள். மூன்று கூழாங்கல் புலிகள், 15 புளியங்கொட்டை ஆடுகள். ஆட்டின் மேல் புலி தாண்ட வேண்டுமானால் ஆட்டுக்கு நேர் பின்னால் உள்ள புள்ளி காலியாக இருக்க வேண்டும். ஆகவே ஆடு வைக்கிறவன் முன்னால் நிற்கும் புலியைப் பார்த்தால் போதாது, ஆட்டின் முதுகுப் பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். முதல் ஆட்டத்தில் பேரன் நடுவிலேயே கொட்டைகளை வைத்து வரிசையாகப் பறிகொடுத்தான். அடுத்த ஆட்டத்தில் ஓரத்தில் வைக்க ஆரம்பித்தான். அங்கே புலி தாண்டுவதற்கு வழி குறைவு. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கன்னத்தில் கை வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, தானே கண்டுபிடித்தான்.

நான் புலியைக் கொஞ்சம் அடக்கித்தான் ஆடினேன். முழு பலத்தையும் காட்டினால் எழுந்து போயிருப்பான்; வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தாலும் போயிருப்பான். மலை ஏறுகிறவர்கள், சதுரங்கம் ஆடுகிறவர்கள், அறுவைச் சிகிச்சை செய்கிறவர்கள் என்று பலரிடம் பேசிப் பார்த்து உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் 1975இல் வெளியிட்ட நூலின் சாரமும் இதுதான். திறமைக்கு எட்டாத வேலை பதற்றம் தரும், திறமைக்குக் கீழான வேலை சலிப்புத் தரும். திறமைக்குச் சரியாக ஈடுகொடுக்கிற வேலையாக இருந்தால் மனம் தன்னை மறந்து அதில் இறங்கிவிடும்.

மே 17, ஞாயிறு

தாரமங்கலம் கைலாசநாதர் கோயில். கெட்டி முதலிகள் எழுப்பிய அந்த மண்டபத்தில் பேரனை இராமன் தூணருகே நிறுத்தினேன். அங்கிருந்து பார்த்தால் எதிரே வாலி தெரிகிறான். வாலி தூணுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் இராமன் தெரிவதில்லை. அங்கும் இங்கும் ஓடி, தலையைச் சாய்த்து, குனிந்து, எந்தத் தூண் மறைக்கிறது என்று அவனே பார்த்துக்கொண்டிருந்தான். செல்போனை எடுக்கவே இல்லை.

மே 18, திங்கள்

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஓய்வு பெற்றதிலிருந்து எதிலும் ருசி இல்லை என்கிறார். தூக்கமும் இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை. இதைச் சலிப்பு என்று நினைத்துப் பொழுதுபோக்கு யோசனை சொல்வது தப்பு. வாரக்கணக்கில் இப்படி இருந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். நானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

மே 20, புதன்

அடுத்த தெருவில் இருக்கிற விசைத்தறிப் பட்டறைக்குப் போனேன். நாலு தறிக்கு ஓர் ஆள். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்துகொண்டே இருக்கிறது. நாடாவுக்குள் இருக்கும் நூல் சுற்றிய தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும். பாவில் ஒரு நூல் அறுந்தால் தறியை நிறுத்தி, நுனியைத் தேடிப் பிடித்து, விழுதுக் கண்ணிலும் அச்சிலும் கோத்து முடிச்சுப் போட வேண்டும். பார்க்காமல் விட்டால் துணியில் கோடு விழும், கூலியில் பிடிப்பார்கள். மற்ற நேரமெல்லாம் அறுகிறதா அறுகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். சத்தத்தில் பக்கத்து ஆளோடு பேசக்கூட முடியாது, சைகைதான்.

“கைக்கு வேல இருக்குதுங்கய்யா, மனசுக்குத்தான் ஒண்ணுமில்ல,” என்றார் தறி ஓட்டுகிற அந்த அம்மா. “கரண்ட் போனாத்தான் நாலு வார்த்த பேசிக்கிறோம்.”

இந்தச் சலிப்புக்கு ஆடுபுலி ஆட்டம் மருந்தாகாது. ஆசை இருந்தாலும் இடத்தை விட்டு நகர முடியாதவர்களின் சலிப்பு இது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு என்பதில் எனக்கு வருத்தமுண்டு. புத்தகம் படி, நடைப்பயிற்சி போ என்ற அறிவுரையெல்லாம் நேரம் கையில் இருப்பவர்களுக்குத்தான்.

ஆனால் ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ராடார் திரையை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தென்பட்ட தடத்தைக்கூடத் தவறவிட்டார்கள். ஏன் என்று பார்க்க உளவியலாளர் நார்மன் மாக்வொர்த் ஒரு கடிகாரம் செய்தார். முள் துள்ளித் துள்ளி நகரும். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் துள்ளல் துள்ளும். அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், இரண்டு மணி நேரம். அரை மணி கழிந்ததுமே தவறவிடுவது கூடியது. 1948இல் அவர் இதை வெளியிட்டார். பத்து மணி நேரம் தறி முன் நிற்கிறவரிடம் ஓர் இழை அறுந்ததைப் பார்க்கவில்லை என்று கூலியைப் பிடிக்கிறவர்கள், அந்த அரை மணி நேரத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்பே, 1929இல், பிரிட்டனில் வயாட், பிரேசர் என்ற ஆய்வாளர்கள் தொழிற்சாலைகளில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். சரியான நேரத்தில் வேலையை மாற்றிக் கொடுத்தால் சலிப்புக் குறைகிறது. இடையில் ஓய்வு விட்டால் குறைகிறது. ‘இத்தனை முடித்தால் ஒரு கட்டம் முடிந்தது’ என்று எல்லை தெரிந்தால் குறைகிறது. தனித்தனியாக நிறுத்தாமல் சிறு கூட்டமாக உட்கார வைத்தாலும் குறைகிறது. இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை.

மே 23, சனி

பட்டறைக்காரரிடம் பேசினேன். நல்ல மனிதர், தானும் தறியில் நின்று வளர்ந்தவர். தார் சுற்றுகிற அம்மாவும் தறி ஓட்டுகிற அம்மாவும் மத்தியானத்துக்கு மேல் இடம் மாற்றிக்கொள்ளலாமே என்றேன்.

“மாத்தலாங்க. ஆனா தறிக்கு மீட்டர் கணக்கு, தாருக்குக் கூலி கம்மி. அரை நாளு அங்க உக்காந்தா தறிக்காரம்மாவுக்கு வாரக் கூலி குறையுமில்லங்களா?”

சரியான கேள்வி. சலிப்பைக் குறைக்கிறேன் என்று கூலியைக் குறைத்தால் அந்த அம்மா என்னை மன்னிக்க மாட்டார். இருவர் கூலியையும் கூட்டி, ஆளுக்குப் பாதி என்று வைத்தால் தார் சுற்றுகிறவருக்கு லாபம், தறிக்காரருக்கு நட்டம். துணியில் கோடு விழுவது குறைந்தால் மிச்சமாகிற பிடித்தப் பணத்தை அந்த நட்டத்துக்கு ஈடுகட்டலாமா என்று கேட்டேன். யோசித்தார். போன மாதப் பிடித்தம் எவ்வளவு என்று நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை காலையில் தறி ஓட்டுவதற்கு முன் அந்த இரண்டு அம்மாக்களையும் வைத்துக்கொண்டே கணக்குப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது.