செடி அப்புறம், இடம் முதலில்

அம்மாடி,

தை பிறந்ததும் நர்சரிக்குப் போய் ஆறு ரோஜாச் செடி வாங்கப் போவதாகப் போனில் சொன்னாய். சிவப்பு இரண்டு, மஞ்சள் இரண்டு, வெள்ளை ஒன்று, பூஜைக்குப் பன்னீர் ரோஜா ஒன்று என்று நிறக்கணக்கெல்லாம் தயாராக இருந்தது. எங்கே வைக்கப் போகிறாய் என்று கேட்டேன். "வாங்கிட்டு வந்து பாத்துக்கலாம் பெரியப்பா" என்றாய். அந்தப் பதிலுக்காகத்தான் இந்தக் கடிதம். கோவிலம்பாக்கத்தில் வீடு வாங்கிக் குடிவரும் சின்னஞ்சிறுசுகள் எல்லோரிடமும் சொல்ல நினைப்பதை உன்னை முன்னிட்டுச் சொல்கிறேன். மாப்பிள்ளையிடமும் படிக்கக் கொடு.

தோட்டத்தில் பல விஷயங்களை நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். தண்ணீர் கூடிப்போனால் குறைக்கலாம். எரு போதாவிட்டால் இன்னும் இரண்டு பிடி போடலாம். கவாத்து கோணலாகப் போனாலும் அடுத்த தளிரில் சரியாகிவிடும். நட்ட இடம் மட்டும் அப்படி இல்லை. வேரோடி நிற்கிற ரோஜாவைப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்தால் அது பிழைப்பது உன் அதிர்ஷ்டம். ஆனால் நாம் செய்வதென்ன? மாற்ற முடிகிற விஷயத்துக்கு மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். மாற்ற முடியாததை ஒரே சாயங்காலத்தில் முடித்துவிடுகிறோம். டைல்ஸுக்கு நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள், மனையை மழைக்காலத்தில் ஒரு நடை வந்து பார்ப்பதில்லை.

முதலில் வெயிலைப் பார். ரோஜாவுக்கு நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். அதிலும் காலை வெயில் விசேஷம். இரவுப் பனி இலைமேல் நெடுநேரம் தங்கினால் கரும்புள்ளி நோய் பரவும். ஏழு மணிக்கே வெயில் படுகிற இடத்தில் இலை சீக்கிரம் காய்ந்துவிடும். வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டிய இடம் வேறு கதை. அந்தச் சுவர் மத்தியானம் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரிவரை கக்கும். அக்னி நட்சத்திரத்தில் அங்கே நிற்கிற செடியின் மொட்டு, விரிவதற்கு முன்பே ஓரம் கருகிவிடும்.

ஒரு நாள் பார்த்துவிட்டு வெயில் தெரிந்துவிட்டது என்று நினைக்காதே. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 13 பாகையில் இருக்கிறது. சித்திரை முதல் பாதியில் உச்சிச் சூரியன் நேராகத் தலைக்கு மேல் நிற்கும். ஆனியில் கொஞ்சம் வடக்கே போய், பத்தடிச் சுவரின் நிழல் தெற்குப் பக்கம் இரண்டடி அளவுக்கு விழும். மார்கழியில் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். அதே சுவரின் நிழல் உச்சி வேளையிலும் வடக்கே ஏழடியைத் தாண்டும். உன் வீடு மாடியோடு சேர்ந்து 23 அடி உயரம் என்று வைத்துக்கொள். வீட்டுக்கு வடக்கே 17 அடிக்கு மத்தியான வெயிலே இராது. சென்னையில் ரோஜா நன்றாகப் பூக்கிற காலமே இந்தப் பனிக்காலம்தான். மே மாதத்தில் பளிச்சென்று இருந்த வடக்குப் பக்கம், செடிக்கு வெயில் அவசியப்படும் நேரத்தில் இருண்டு கிடக்கும்.

அதனால் இந்த மார்கழியில் ஒரு சாக்பீஸ் எடு. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு மணிக்கு நிழல் எதுவரை வருகிறது என்று தரையிலும் சுவரிலும் கோடு போடு. ஒரு தாளில் வீட்டை வரைந்து அதில் குறித்துக்கொள். அதையே சித்திரையில் இன்னொரு தடவை செய். ஒரு இடத்தையோ ஒரு மனிதரையோ ஒரு வேலையையோ ஒரே பருவத்தில் பார்த்துவிட்டு முடிவு கட்டாதே. நேர்முகத்தேர்வு அன்று எந்த ஆபீசும் நல்ல ஆபீஸ்தான். மார்ச் கடைசியில் கணக்கு முடிக்கிற வாரம் அங்கே எப்படி இருக்கும் என்று, அங்கேயே வேலை பார்க்கிறவர் யாரையாவது கேட்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். ரோஜாவுக்குத் தண்ணீர் வேண்டும். காலடியில் தேங்கி நிற்கக் கூடாது. வேர் இரண்டு மூன்று நாள் மூச்சுவிட முடியாமல் கிடந்தால் அழுக ஆரம்பிக்கும். நம் பகுதியில் வருஷ மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் உபரி நீர் நாராயணபுரம் ஏரிக்குப் போய், அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேரும். 2022ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியதே, அதே சதுப்பு நிலம்தான். தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. நாம் அந்த வழியில்தான் வீடு கட்டியிருக்கிறோம். போதாக்குறைக்கு, ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, பழைய வீடுகள் பள்ளத்தில் நிற்கின்றன. உன் வீடும் வாசலில் ஒரு படி இறங்கித்தானே இருக்கிறது?

எதிர் வீட்டு அம்மாவைக் கேள்: 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது, 2023ல் மிக்ஜாம் புயலின்போது எத்தனை நாள் வடியாமல் நின்றது என்று. வீட்டை விற்றவர் சொல்லாததை எதிர் வீட்டுக்காரர் சொல்வார். பிறகு நீயே ஒரு சோதனை செய். செடி வைக்க நினைக்கிற இடத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, ஒரு முறை தண்ணீர் நிரப்பி இறங்க விடு. மறுபடி நிரப்பு. அரை நாள் ஆகியும் குழியில் தண்ணீர் நின்றால் அங்கே தரையில் நடாதே. செங்கல் அடுக்கி ஒன்றரை அடி மேடை கட்டி அதில் வை. ஊட்டி அரசு ரோஜாப் பூங்காவைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? நூறாவது மலர்க் கண்காட்சியை ஒட்டி 1995ல் அமைத்தது. எல்க் மலைச் சரிவில் அடுக்கடுக்காகப் படி போலப் பாத்தி வெட்டியிருக்கிறார்கள். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் கீழே ஓடிவிடும். அந்தச் சரிவு நமக்கு இல்லை. செங்கல் மேடை அந்த வேலையைச் செய்யும்.

குழி தோண்டும்போது மண்ணையும் பார்த்துவிடலாம். நம் பக்கத்து மனைகளில் மேலே அரை அடி மண்ணும் அடியில் இடித்த கட்டடத்தின் ரப்பிஷும் இருப்பது சகஜம். சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் காரம் ஏறியிருக்கும். ரோஜா கேட்பது லேசான அமில மண், பி.எச். ஆறிலிருந்து ஆறரை. காரம் கூடினால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். ஒரு பிடி மண்ணில் கொஞ்சம் வினிகர் ஊற்று. நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்துக்கு அதை எடுத்துவிட்டு, செம்மண், மக்கிய சாணி எரு, மண்புழு உரம், ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு கலந்து நிரப்பு. முன்பு குடியிருந்தவர் வைத்த ரோஜா காய்ந்து குச்சியாக நிற்கிறதே, அந்தக் குழியிலேயே புதுச் செடியை வைத்துவிடாதே. ரோஜா பட்டுப்போன மண்ணில் அடுத்த ரோஜா தேறுவது கடினம். அங்கே ஒரு செம்பருத்தி வை, வரும்.

பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்பதையும் தாளில் குறி. செப்டிக் டேங்க், போர்வெல், ஈ.பி. கேபிள், மழைநீர் சேகரிப்புக் குழி. வாஸ்து பார்த்துக் கட்டியதால் உன் வீட்டில் ஈசானிய மூலையில் சம்ப். காலை வெயில் நன்றாக விழுகிற மூலையும் அதுதான். அங்கே வைக்கத் தோன்றும். வைக்கலாம்; சம்ப் மூடியிலிருந்து மூன்றடியாவது தள்ளி வை. எருவும் பூச்சிமருந்தும் குடிக்கிற தண்ணீரில் இறங்கிவிடக் கூடாது. வேப்பமரத்துக்கும் தென்னைக்கும் பக்கத்தில் வைக்காதே. நீ ரோஜாவுக்குப் போடுகிற எருவை அவற்றின் வேர் வந்து தின்றுவிட்டுப் போகும். கேட்டை ஒட்டியும் வேண்டாம். ஸ்கூட்டர் எடுக்கும்போதெல்லாம் துப்பட்டா முள்ளில் மாட்டும். நாலு தடவை மாட்டியதும் செடிமேல் கோபம் வந்து வெட்டிவிடுவாய்.

தெற்கே காலி மனை இருப்பதால் வெயிலுக்குக் குறைவில்லை என்று நினைக்காதே. அது அடுத்தவர் மனை. நாளைக்கே இரண்டு மாடி எழும்பினால் உன் தோட்டத்தில் பாதி நிழலாகிவிடும். அவர்மேல் வருத்தப்படவும் உனக்கு உரிமை இல்லை. மாறாகவும் நடக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் எத்தனையோ மரங்களைச் சாய்த்தது. நிழலில் இருந்த தோட்டங்கள் ஒரே நாளில் வெயிலுக்கு வந்தன. நம் கையில் இல்லாததை நம்பிக் கணக்குப் போடும்போது, அது போய்விட்டால் என்ன செய்வோம் என்பதையும் சேர்த்துப் போட வேண்டும். சம்பளம் வருகிற கம்பெனிக்கும் இது பொருந்தும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் என்ன ரகம் என்ற பேச்சு. கடையில் கண்ணைப் பறிக்கிற பெரிய பூ ரகங்களில் பல, குளிர் நாடுகளில் உருவானவை. நம் வெக்கைக்கு அவை திணறும். எம்.எஸ். வீரராகவன் என்றொருவர், ஐ.ஏ.எஸ். வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் குடியேறி, மனைவி கிரிஜாவோடு சேர்ந்து வெப்ப நாட்டுக்கான ரோஜாக்களை உருவாக்கினார். அதற்கு வங்காளத்துத் தாழ்ந்த ஈர நிலங்களில் தானாக வளர்கிற ரோஜா கிளைனோஃபில்லா என்ற காட்டு ரோஜாவைத் தேடிப் பிடித்தார். மணிப்பூர் மலை ரோஜாவையும் சேர்த்துக்கொண்டார். தாவரவியல் மேதை ஜானகி அம்மாளின் பேரில் அவர்கள் ஒரு மஞ்சள் ரோஜாவே உருவாக்கியிருக்கிறார்கள். ஊருக்கு எது ஏற்கும் என்று முதலில் கேட்டு, பிறகு பூவைத் தேடியவர்கள் அவர்கள். நீ அந்த அளவுக்குப் போக வேண்டாம். நம் வெயிலில் பழகிய பன்னீர் ரோஜாவும் பட்டன் ரோஜாவும் முதலில் வை. கை பழகியபின் பெரிய பூவுக்குப் போ.

வாங்கும்போது இரண்டு விஷயம். ஆந்திராவில் கடியத்திலிருந்து வருகிற செடிகளின் வேரில் களிமண் உருண்டை கல்லாக இறுகியிருக்கும். தண்ணீரில் சற்று ஊறவைத்து, வேர் அறுந்துவிடாமல் மெல்லக் கரைத்துவிட்டு நடு. இல்லாவிட்டால் வேர் அந்த உருண்டையை விட்டு வெளியே வராது. ஒட்டுப் போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் தெரியட்டும். அதற்குக் கீழிருந்து கிளம்பும் கிளை அடிச்செடியுடையது. தளதளவென்று வளர்ந்து சாப்பாட்டையெல்லாம் தின்றுவிட்டு, நீ கேட்ட பூவைத் தராது. கண்டவுடன் அடியோடு கிள்ளிவிடு.

வாங்கி வந்த அன்றே தரையில் நடவும் வேண்டாம். தாளில் குறித்த இடத்தில் குரோ பேக்கோடு ஒரு மாதம் நிறுத்திப் பார். தளிர் விட்டு மொட்டு கட்டினால் அங்கேயே குழி தோண்டு. வாடினால் பையை நாலடி நகர்த்து, செலவு ஒன்றுமில்லை. சோதித்துப் பார்க்க வழி இருக்கும்போது சோதிக்காமல் துணிவதை நான் தைரியம் என்று சொல்ல மாட்டேன். வெளியூர் வேலை வந்தால் குடும்பத்தைக் கிளப்புவதற்கு முன் இரண்டு மாதம் தனியாக இருந்து பார்க்கலாம். பங்குதாரரோடு கடை வைப்பதற்கு முன் ஒரு சின்ன ஆர்டரைச் சேர்ந்து முடித்துப் பார்க்கலாம். கல்யாணம் மாதிரி சிலவற்றுக்குத்தான் அந்த வசதி இல்லை. அங்கேதான் கேட்டறிவதும் பொறுத்திருந்து பார்ப்பதும் இரண்டு மடங்கு வேண்டும்.

ஆறு செடி வேண்டாம் அம்மாடி, தைக்கு இரண்டு போதும். ஒரு வருஷ வெயிலும் ஒரு மழைக்காலமும் அவை உன் மண்ணில் நிற்கட்டும். அவை பிழைத்த இடமும் தவித்த இடமும் தெரிந்தபின் மீதி நாலையும் வாங்கு. சாக்பீஸுக்கு ஐந்து ரூபாய்கூட ஆகாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே கோடு போடு.

உன்
பெரியப்பா