அம்மாவின் பனாட்டு

ஆடி பிறந்துவிட்டால், சோளகம் வீசும் கற்பிட்டிக் கரையில், வைகறையில் பனம்பழம் விழும் ஓசைக்கே நாங்கள் விழித்தெழுவோம். முந்திப் பொறுக்கியவருக்கே பழம்.

பழத்தைத் தணலில் வாட்டித் தோலுரித்து, சிறிது நீர் தெளித்துப் பிசைந்து, தும்பு நீங்க வடித்த களியை, உயர்ந்த பந்தலில் விரித்த ஓலைப்பாயின்மீது அம்மா தடவுவார். காய்ந்த படையின்மேல் மறுநாள் இன்னொரு படை. பாகுமில்லை, சீனியுமில்லை, வெயில்தான் அடுப்பு. சில மரத்துப் பழம் இனிக்கும். சிலவற்றின் களி நாவிற் கைக்கும். அம்மாவுக்கு அது மரம் மரமாகத் தெரியும்.

சென்ற ஆண்டு அவருக்குப் பார்வை மங்கியதால் நானே முனைந்தேன். பந்தல் வீண்வேலை என்றெண்ணி முற்றத்திலேயே பாயை விரித்தேன். ஆடு மாடுதான் எங்களிடம் இல்லையே! ஓரிரவுக் காற்றில் களி முழுவதும் மணலாயிற்று. அம்மா ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துச் சிரித்தார். "ஆட்டுக்குப் பயந்து போட்ட பந்தலென்றா எண்ணினாய், தம்பி?" இருபதாண்டுகளாகக் கல்லூரியில் கற்பிக்கும் எனக்கு மறுமொழி வரவில்லை.

மார்கழியில் அவர் காலமானார்.

இவ்வாண்டு பந்தலை நெஞ்சளவு உயர்த்திக் கட்டியிருக்கிறேன். களியில் மணலில்லை. ஆனால் கைக்கிறது. எந்த மரத்துப் பழத்தை விலக்கவேண்டும் என்று நான் கேட்டு வைக்கவில்லை.