எங்கள் கொல்லைப்புறக் கோழிகள்

மும்பை மாநகரில் மனிதர் கால்நீட்டிப் படுப்பதற்கே இடம் தேட வேண்டியிருக்கிறது. அப்படியிருக்க, கோழி வளர்ப்பைப் பற்றி ஒருவன் மலருக்குக் கட்டுரை எழுத முற்பட்டால், மாட்டுங்காவில் மூன்றாம் மாடியில் வாழும் அன்பர்கள் நகைப்பது இயல்பே. தாராவிச் சந்துகளில் குடியிருப்போர் ஒருவேளை நகைக்கமாட்டார்கள். கதவிடுக்கில் கோழி நுழைவது அவர்களுக்குப் புதிதன்று. நான் இவ்விரு சாராருக்கும் இடைப்பட்டவன். செம்பூரின் பழைய ஊர்ப்பகுதியில், மராத்தியர் காவ்டாண் என்று வழங்கும் இடத்தில், ஓடு வேய்ந்த தரைவீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டின் பின்புறம் பத்தடி நீளமும் எட்டடி அகலமும் கொண்ட ஒரு கொல்லை உண்டு. அதில் ஒரு முருங்கை மரம், ஒரு துவைகல். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தனாகக் காலம் கழிக்கும் எனக்கு, இந்த எண்பது சதுர அடி மண்ணே இந்நகரில் வாய்த்த பெருஞ்செல்வம்.

அம்மண்ணில் கோழி வந்தது என் தாயாரின் பொருட்டு. 2017ஆம் ஆண்டு தந்தையார் மறைந்தபின், கடையநல்லூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து தாயாரை இங்கு அழைத்து வந்தேன். ஊரில் அவர் ஓயாமல் பேசுபவர். விடியலில் பஞ்சாரத்தைத் தூக்கிவிடும்போது கோழிகளோடு தொடங்கும் பேச்சு, அந்தியில் அவற்றை மீண்டும் கவிழ்த்து அடைக்கும்வரை நிற்காது. செம்பூருக்கு வந்ததும் அப்பேச்சு நின்றுபோயிற்று. அண்டை வீட்டாரின் மொழி அவருக்குத் தெரியாது. நானும் மனைவியும் காலையில் துறைமுக வழி மின்வண்டியைப் பிடிக்க ஓடுவோம். மகள் பள்ளிக்குச் சென்றுவிடுவாள். காலையில் எந்தச் சுவரோரம் அமர்ந்திருந்தாரோ, மாலையில் திரும்பும்போதும் அதே சுவரோரம் அமர்ந்திருப்பார். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால், "ம்" என்பார். அவ்வளவுதான். பெயர்த்து நட்ட செடிக்கு நீர் ஊற்றினால் மட்டும் போதாது என்பதை அந்நாளில் உணர்ந்தேன்.

முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. 2018ஆம் ஆண்டு ஒருநாள் மாலை, இரயில் நிலைய வாயிலில் ஒருவன் கூடை நிறையப் பச்சையும் ஊதாவும் இளஞ்சிவப்புமாகக் கோழிக்குஞ்சுகளை விற்றுக்கொண்டிருந்தான். மகளுக்கு அப்போது ஏழு வயது. அவள் கண்கள் விரிந்ததைக் கண்டு ஆறு குஞ்சுகள் வாங்கினேன். முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் சேவற்குஞ்சுகளால் பயனில்லை என்று கழிக்கப்படுவனவற்றுள் ஒரு பகுதியே இவ்வாறு சாயம் பூசப்பட்டுத் தெருவுக்கு வருகின்றது என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன். பிறந்த முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஏறத்தாழ 35 பாகை வெப்பம் தேவை. தாய்க்கோழியின் இறகடியில் கிடைப்பது அதுவே. எங்கள் அட்டைப்பெட்டியில் அது எப்படிக் கிடைக்கும்? பத்து நாட்களுக்குள் ஆறும் மாண்டன. தாயார் அவற்றை முருங்கையடியில் புதைத்தார். மண்ணை மூடிவிட்டு, "நெறத்தப் பாத்து வாங்குனா இப்படித்தான்யா" என்றார். பல மாதங்களுக்குப் பின் அவர் வாயிலிருந்து வந்த முதல் முழுச் சொற்றொடர் அது.

அதன்பின் நான் எழுத்தர்களுக்கே உரிய முறையில் செயல்பட்டேன். அலுவலகத்தில் விலைப்புள்ளிகளை ஒப்பிட்டு அட்டவணை தயாரிப்பது போலவே, கோழியினங்களுக்கும் ஓர் அட்டவணை வரைந்தேன். அழகு, குணம், முட்டை, இடவசதி என நான்கு பத்திகள்.

வெள்ளை லெகார்ன் முட்டையில் முதலிடம் பெற்றது. நாமக்கல் பண்ணைகளில் ஆண்டுக்கு முந்நூறை எட்டும் முட்டைகளைத் தருவது இவ்வினத்தின் வழிவந்த கலப்புக் கோழிகளே. ஆனால் அது பதற்றக்காரி. நிழல் அசைந்தாலே சுவரேறிப் பறக்கும். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா மாவட்டத்தின் கடக்நாத், கொண்டை முதல் கால்நகம் வரை கரியது. 2018ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. தசையும் எலும்பும்கூடக் கருமை ஓடிய அப்பறவையின் படத்தைத் தாயாரிடம் காட்டினேன். ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேல்நாட்டார் குழந்தைகளுக்கு ஏற்றவை என்று போற்றும் கொச்சின், பிரம்மா இனங்கள் பஞ்சு மூட்டை போன்று அழகானவை, சாதுவானவை. ஆனால் அவற்றின் பாதம் வரை இறகு மூடியிருக்கும். ஆடி மாதத்து மும்பைச் சேற்றில் அந்த இறகு என்னவாகும் என்று எண்ணிப் பார்த்து விலக்கினேன்.

எஞ்சியவை நம் நாட்டுக்கோழிகள். தாயார் விரும்பியது ஊர்ச் சிறுவிடைக்கோழி. சிறிய உடல், சுறுசுறுப்பு, அடைகாப்பதிலும் குஞ்சு காப்பதிலும் நிகரற்றது. ஆனால் அதை இரண்டு பகல் இரயிலில் எப்படிக் கொண்டுவருவது? அதற்குள் என் கண் அசில் இனத்தில் பதிந்துவிட்டது. நெடிய கழுத்து, நிமிர்ந்த மார்பு, அரசனைப் போன்ற நடை! சேவலுக்கு நடுகல் எடுத்துப் பெயர் பொறித்த நாடல்லவா நம் தமிழ்நாடு? விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் அத்தகைய கல் இன்றும் இருக்கிறது. செட்டாநகர் முருகன் கோயிலுக்குச் செல்லும்போதெல்லாம் சேவற்கொடியைக் கண்டு வணங்குபவன் நான். 2019ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஓர் அசில் சேவலும் இரு பெட்டைகளும் வந்து சேர்ந்தன.

அசிலைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அது மனிதரிடம் சாதுவே. என் மகள் தூக்கினால் அசையாமல் இருக்கும். பகை முழுவதும் தன் இனத்தாரிடம்தான். எங்கள் பெட்டைகள் இரண்டும் ஒன்றையொன்று கொத்திக் குருதி சிந்தின. சேவலோ வைகறை நான்கு மணிக்கே கூவத் தொடங்கும். பக்கத்து வீட்டு மராத்திய நண்பர் இரவுப்பணி முடித்து வந்து உறங்குபவர். ஒருநாள் அவர் எங்கள் வாயிலில் வந்து, சினமின்றி, கைகூப்பி நின்றார். அந்தக் கூப்பிய கைகள் எனக்கு ஏச்சைவிடக் கொடுமையாக இருந்தன. அடுத்த ஞாயிறன்றே மூன்றையும் இடவசதி உள்ள ஒருவரிடம் ஒப்படைத்தேன். முட்டை கிடைக்கச் சேவலே தேவையில்லை, குஞ்சு பொரிக்க மட்டுமே அது வேண்டும் என்ற எளிய உண்மையை, பட்டப்படிப்புப் படித்த நான் மறந்துபோயிருந்தேன்!

விடை அலுவலகத்திலேயே காத்திருந்தது. வசாயிலிருந்து வரும் சக ஊழியர் ஒருவர், தம் வீட்டுத் தோட்டத்தில் ரோட் ஐலண்ட் சிவப்புக் கோழிகளை வளர்த்துவந்தார். அவ்வாண்டு நவம்பரில், முட்டையிடும் பருவத்தை எட்டிய நான்கு பெட்டைகளைக் கொடுத்தார். பழுத்த புளியம்பழத் தோட்டின் நிறம், வாலில் கருமை, கொழுத்த உடல், நிதானமான நடை. விலை கேட்டேன். "முதலில் வளர்த்துப் பாரும்" என்றார்.

அவற்றின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. ரோட் ஐலண்ட் என்பது அமெரிக்காவின் சிறு மாநிலம். 1954ஆம் ஆண்டில் இக்கோழியை அது தன் மாநிலப் பறவையாக அறிவித்தது. ஆயினும் இதன் குருதியில் மலாய்ச் சேவலும், ஷாங்காயிலிருந்து போன பறவைகளும், லெகார்னும் கலந்துள்ளன. லெகார்ன் என்பதும் இத்தாலியத் துறைமுகமான லிவோர்னோவுக்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயர்தான். கொச்சின் கோழி நம் கொச்சியைச் சேர்ந்ததன்று, சீனத்தது. பிரம்மபுத்திராவின் பெயரைத் தாங்கிய பிரம்மாவின் முன்னோரும் ஷாங்காயிலிருந்தே அமெரிக்கா சென்றவை. ஏறிய கப்பலும் இறங்கிய துறையும் பெயராக ஒட்டிக்கொண்டன. மதுரை, நெல்லை, சேலம் என்று எங்கிருந்து வந்தாலும், இந்நகரில் நம் அனைவருக்கும் மதராசி என்று ஒரே பெயர் வாய்த்தது போலத்தான்! இன்னொன்றும் சொல்லவேண்டும். வளர்ப்புக்கோழிகள் பலவற்றின் மஞ்சள் நிறக் கால், நம் தென்னாட்டுக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்த கொடை என்று 2008ஆம் ஆண்டில் மரபியல் அறிஞர்கள் கண்டறிந்தார்கள். ஆகவே அமெரிக்கச் சிவப்பியின் மஞ்சள் காலில் நம் மலைநாட்டின் சாயலும் இருக்கிறது. "இதுவும் நம்ம பக்கத்து உறவுதாம்மா" என்று சொன்னேன். தாயார் சிரித்தார்.

நான்கும் வந்த முதல்நாள் என்னைக் கண்டு ஓடின. மகளைக் கண்டும் ஓடின. ஓடாதது தாயாரிடம் மட்டுமே. காரணம் பிறகு புலப்பட்டது. நின்றவாறு மேலிருந்து கைநீட்டுபவரைக் கோழி பருந்தாகவே எண்ணும். தரையில் அசையாது அமர்ந்திருப்பவரை அது அஞ்சுவதில்லை. எந்தச் சுவரோர அமைதியைக் கண்டு நான் இரண்டாண்டுகள் உள்ளம் நொந்தேனோ, அந்த அமைதியே அவற்றைத் தாயாரிடம் ஈர்த்தது. ஒருவார காலத்தில் அவர் உள்ளங்கையிலிருந்து குருணை தின்றன. ஒரு திங்களில் மடியேறின. அந்தக் குணத்தில் பாதி இனத்தால் வந்தது. மறுபாதி, குஞ்சுப் பருவத்திலேயே அவற்றைக் கையில் எடுத்து வளர்த்த வசாய்க் குழந்தைகளால் வந்தது என்பேன்.

பேச்சும் திரும்பியது. செவத்தி, கருவாலி, மூக்கி, சின்னவள் என்று பெயரிட்டார். ஒரு பெட்டை முட்டையிடுமுன் கேறத் தொடங்கினால், "வாரேன் வாரேன், அவசரப்படாத" என்று பதில் சொல்வார். மழைக்காலத்தில் கூட்டின் தரை ஈரமானால் இரத்தக்கழிச்சல் வரும் என்று உமியை வாரந்தோறும் மாற்றி, சுண்ணாம்பு தூவச் செய்தார். வெள்ளைக்கழிச்சலுக்கு உரிய தடுப்பூசியைத் தவறவிடலாகாது என்று வசாய் நண்பர் சொன்னதை அவரே எனக்கு நினைவூட்டினார். பெருச்சாளி நுழையாதபடி கம்பிவலையை ஓரடி ஆழம் புதைக்கச் செய்ததும் அவரே. பக்கத்து வீட்டாருக்கு வாரம் நான்கு முட்டை போயிற்று. அவ்வீட்டு அம்மையார் மராத்தியில் பேச, தாயார் நெல்லைத் தமிழில் மறுமொழி சொல்ல, இருவரும் ஒரு மணிநேரம் உரையாடுவதை நானே கண்டிருக்கிறேன். 2021 சனவரியில் பர்பணி மாவட்டத்தில் பறவைக்காய்ச்சல் என்ற செய்தி வந்தபோது, தெருவில் சிலர் எங்கள் கொல்லையை ஐயத்தோடு நோக்கினார்கள். அப்போது எங்களுக்காகப் பேசியவர், முன்பு கைகூப்பி நின்ற அதே நண்பர்தான்.

நான் எழுத்தன் என்று முன்னமே சொன்னேன். கோழிகளுக்கும் ஒரு வரவுசெலவு ஏடு வைத்திருந்தேன். ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு நூற்றுப்பத்து கிராம் தீனி; வாரத்துக்குப் பதினெட்டு முதல் இருபது முட்டை. கணக்குச் சரியாகவே இருந்தது. 2023ஆம் ஆண்டு இறகுதிர்த்த செவத்தி, அதன்பின் முட்டையிடவில்லை. மூன்று மாதம் பொறுத்திருந்து, ஏட்டில் அதன் பெயருக்கு நேரே "வரவு இல்லை" என்று எழுதினேன். இரவு உணவின்போது, வரும் ஞாயிறன்று அதைக் கறிக்கடைக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்றேன். ஊரில் எத்தனையோ திருநாட்களுக்குத் தம் கையாலேயே கோழி அறுத்தவர் என் தாயார். அவர் மறுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, குரலில் மாற்றமின்றிச் சொன்னார்: "நானும் இங்க வந்து ஆறு வருசமாச்சு. ஒரு முட்டையும் இடல. எனக்குச் சோறு போடுதியா இல்லியா?"

மகள் சிரித்தாள், அவளுக்கு அது வேடிக்கை. என் மனைவி தலைகுனிந்தாள். எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. அந்த ஆறாண்டுகளில் எத்தனை முறை, வாடகை, மருத்துவச் செலவு என்று வீட்டுக்கணக்கை அவர் காதுபட நான் உரக்கச் சொல்லியிருக்கிறேன்! ஒருமுறைகூட அவர் பெயரைச் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்தேன் என்பதற்காகக் கேட்காமல் இருந்திருப்பாரா?

அன்றிரவே அந்த ஏட்டை மூடினேன். செவத்தி இன்றும் இருக்கிறது. நடை தளர்ந்துவிட்டது, மாலையில் கூட்டுக்குள் ஏறத் தாயார் கைகொடுக்கிறார்.

சாதுவான, அழகிய கோழியினம் எது என்று என்னைக் கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இது. இடம் குறைவாயின் சேவல் வேண்டாம்; அண்டை வீட்டாரின் உறக்கம் நம் ஆசையைவிடப் பெரிது. நிறத்துக்கு முன் குணத்தைப் பாருங்கள். குஞ்சிலேயே கையில் பழகிய பறவையைக் கேளுங்கள். மூன்று நான்குக்கு மேல் வேண்டா. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, அது முட்டையிடுவதை நிறுத்திய பின்னும் அதற்குக் குருணை தூவ மனம் வருமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வரும் என்றால், எந்தக் கோழியும் நல்ல கோழிதான்.