தள்ளி நின்று பார்க்க இடம்

மோட்டார்ஹோமிலேயே குடியிருக்கிறோம் என்று சொன்னதும் தையல் தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மெஷினை எங்கே வச்சிருக்கீங்க?" மெஷின் ஒரு பிரச்சினையே இல்லை. துணியும் நூலும்கூட எங்காவது ஒண்டிக்கொள்ளும். வண்டியில் இல்லாதது வேறு: செய்த வேலையைத் தள்ளி நின்று பார்க்க இடம். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் வண்டிக்கு அகலம் பொதுவாக 102 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சுவர் கனம் போக உள்ளே ஏறக்குறைய எட்டடி. நிறுத்திய பிறகு ஸ்லைடை, அதாவது இழுப்பறைபோல நகரும் சுவர்ப்பகுதியை, வெளியே தள்ளினால் இன்னும் இரண்டு மூன்றடி. நான் தைப்பது குயில்ட், ஒட்டுத்துணிப் போர்வை. குவீன் கட்டிலுக்கானது 90 அங்குல அகலம் வரும். அதைப் பக்கச் சுவரில் தொங்கவிட்டு, எதிர்ச்சுவரில் முதுகு இடிக்க நின்றாலும் மொத்தமும் ஒரு பார்வைக்குள் அடங்காது. எந்தச் சிவப்பு துருத்திக்கொண்டு நிற்கிறது என்று எப்படித் தெரியும்?

அதற்கு முன் மேசையைச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது 34 அடி நீள கிளாஸ் ஏ வண்டி. முகம் பஸ்ஸைப் போலத் தட்டை. என் கணவர் கணினியில் அலுவலகம் நடத்துவது ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில். அதைத் திருப்பிப் போட்டால் நல்ல நாற்காலி. எனக்காக சோபாவைக் கழற்றி எடுத்தோம். சோபாவோடு சீட் பெல்ட்டுகளும் போய்விடும். ஓடும்போது அங்கே யாரும் உட்கார முடியாது. நாங்கள் இருவர்தான் என்பதால் சரி. பேரக்குழந்தைகளை ஏற்றிப் போகிறவர்கள் அதில் கை வைக்காமல் இருப்பது நல்லது. மேசையைச் சுவரில் திருகிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவற்றின் உட்சுவர் மெல்லிய பலகை, அதற்குப் பின்னால் நுரை. திருகாணி பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. சோபாவைப் பிடித்திருந்த போல்ட் துளைகள் தரையில் இருக்கின்றன, அவற்றையே பயன்படுத்தினோம்.

மெஷின், சிங்கர் ஃபெதர்வெயிட் 221. 1933இல் வந்த மாடல், அலுமினிய உடம்பு, எடை 5 கிலோ. நேர்த்தையலைத் தவிர வேறெதுவும் தெரியாது. துண்டுகளை இணைக்க வேறெதுவும் வேண்டியதில்லை. பலகையின் ஒரு பகுதி மடிந்து மேலே நிற்கும். அப்படியே பெட்டிக்குள் இறங்கிவிடும். கணினி மெஷின் வைத்திருக்கும் தோழிகள் சிரிக்கட்டும். இது நூறு வாட்கூட இழுக்காது.

மின்சாரத்தைத் தின்பது இஸ்திரிப் பெட்டி. குயில்ட்டில் ஒவ்வொரு தையலையும் தேய்த்துப் படியவைக்காவிட்டால் மூலைகள் சேராது. முப்பது ஆம்ப் இணைப்பு உள்ள வண்டியில் மொத்தம் 3,600 வாட்தான். ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, ஒருவர் மைக்ரோவேவில் சாதத்தைச் சுடவைக்க, இன்னொருவர் 1,500 வாட் இஸ்திரியைப் போட்டால் பிரேக்கர் விழும். கணவரின் மீட்டிங்கும் விழும். இணைப்பே இல்லாத பாலைவனத்தில் நிலைமை இன்னும் கறார். 12 வோல்ட், 100 ஆம்ப்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பதே ஏறக்குறைய 1,280 வாட்-மணி. அதிலிருந்து இஸ்திரிக்குக் கொடுக்க, நூற்றிருபது ஆம்ப்புக்கு மேல் தாங்கும் தடித்த வயரும் பெரிய இன்வெர்ட்டரும் வேண்டும். ஆகவே காலையிலும் மாலையிலும் தைப்பேன், தையலை மர உருளையால் அழுத்தி வைப்பேன். கூரையில் சோலார் பலகைகள் நன்றாகக் காயும் உச்சிவெயிலில், சேர்ந்ததையெல்லாம் ஒரே மூச்சில் தேய்த்துவிடுவேன். இஸ்திரி மேசை கிடையாது. அரை அங்குலக் கம்பளி விரிப்பை அடுப்படி மேடையில் போட்டால் போதும்.

இனி, பார்க்கும் இடம். அகலத்தில் இல்லாத தூரம் நீளத்தில் இருக்கிறது. படுக்கையறை வாசலில் நின்றால் முன்கண்ணாடி இருபதடிக்குக் குறையாத தொலைவு. எல்லோரும் பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்! முன்கண்ணாடியின் திரைத்தண்டில் ஃபிளானல் துணி ஒன்றைக் கிளிப்பில் மாட்டினேன். ஃபிளானலின் சொரசொரப்பில் பருத்தித் துண்டுகள் ஊசி இல்லாமலே ஒட்டி நிற்கும். எடுத்து மாற்றி வைத்துக்கொண்டே இருக்கலாம். பின்னால் கறுப்புத் திரையை இழுத்து மூடியாக வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி வழியே வரும் வெளிச்சம் துணியை ஊடுருவி, நிறத்தைப் பொய்யாகக் காட்டும்.

குளிர்காலத்தில் நாங்கள் தங்குவது அரிசோனாவின் குவார்ட்ஸைட் பக்கம். அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்ட நாள் தங்க அனுமதி தரும் இடங்கள் அங்கே உண்டு. எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது என்பது நம் விருப்பம். நான் வண்டியின் மூக்கைக் கிழக்கே வைக்கச் சொல்வேன். அமெரிக்க வண்டிகளில் வாசலும் மடக்குப் பந்தலும் வலப்பக்கம். அது தெற்கே திரும்பும், குளிர்கால வெயில் வாசலுக்கு வரும். எங்கள் வண்டியில் ஃபிரிட்ஜின் காற்றுத்துளை இடப்பக்கம். அது நிழலில் கிடக்கும். முன்கண்ணாடியில் பிற்பகல் வெயில் விழாது. எனக்கு வேண்டியது இந்த மூன்றாவதுதான். கணவரின் அலுவலகம் கிழக்குக்கரை நேரப்படி நடப்பது. அங்கே மாலை ஐந்து என்றால் குளிர்காலத்தில் அரிசோனாவில் மூன்று மணி. அவர் எழுந்ததும் ஃபிளானல் இறங்கும். காலை வெயில் கணினியில் பட்டுக் கண்ணில் குத்துகிறதென்று அவர் முணுமுணுப்பது உண்மை. திரையை மூடிக்கொள்ளச் சொல்லிவிடுவேன்.

தூரம் போதாத ஊர்களில், வாசற்கதவில் வைக்கும் பார்வைத்துளை லென்ஸ் உதவும். ஹார்டுவேர் கடையில் வாங்கி வைத்திருக்கிறேன். கண்ணருகே வைத்துப் பார்த்தால் போர்வை சிறுத்துத் தூரப் போய்விடும். கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்தால், எது அழுத்தமான நிறம், எது வெளிறியது என்ற உண்மையும் வெளிப்படும்.

கிளம்பும் நாள் விஷயங்கள் சில. வெட்டும் பாய் வெயிலில் நெளிந்துவிடும், பிறகு நேராகாது. அது மெத்தைக்கடியில் படுத்த வாக்கில் பயணம் செய்யட்டும். ஸ்லைடை உள்ளே இழுக்குமுன், உதிர்ந்த ஊசிகளுக்காகத் தரையைக் காந்தத்தால் ஒருமுறை துழாவுங்கள். துணி லேசான பொருள் என்பது வீட்டில் இருக்கிறவர்களின் எண்ணம்: மூன்று கஜம் குயில்ட் பருத்தி கிட்டத்தட்ட அரைக்கிலோ. வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று உள்ளே மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு, லாரிகள் நிற்கும் நிலையத்தில் எடை போட்டுப் பார்த்தால் துணிக்கடைக்குப் போகும் ஆசை தானே அடங்கும்.

ஒன்றை மட்டும் வண்டிக்குள் செய்ய முடியாது. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சுருக்கமின்றி விரித்து நூலோட்ட வேண்டும். அதற்கு அறையளவு தரை தேவை. மோட்டார்ஹோம்கள் தங்கும் ஆர்.வி. பூங்காக்கள் பலவற்றில் பொதுக்கூடம் இருக்கிறது, மடக்கு மேசைகளோடு. நாலைச் சேர்த்துப் போட்டால் குவீன் போர்வை விரியும். கேட்டால் கொடுப்பார்கள், பெரும்பாலும் கூடவே உதவிக்கு இரண்டு பெண்களும் ஊசியோடு வந்துவிடுவார்கள். பிங்கோ நடக்கும் மாலையில் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.