ஆறு அங்குலமா, எட்டு அங்குலமா?

நமது தேசத்தில் 1972-ஆம் வருஷத்தில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்து, 1991-ல் அது பின்னும் இறுக்கப்பட்ட பிறகு, வேட்டை என்பது தாத்தாக்கள் சொல்லும் கதையாகிவிட்டது. அப்படியிருக்க, மான் வேட்டைக்கு உகந்த ரிவால்வரின் குழல் எத்தனை அங்குலம் இருக்கவேண்டும் என்ற ஆராய்ச்சியில் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர் ஏன் தலையிட வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிறு பிராயத்தில் கல்லெறிந்து மாங்காய் வீழ்த்தியதைத் தவிர நாம் வேறு வேட்டை ஆடியதில்லை. மாமிசம் தொட்டதும் இல்லை. எனினும், மனிதன் தானாகத் தேடிப் போகும் விவகாரங்களைவிட, உறவினர் மூலமாக அவனைத் தேடி வரும் விவகாரங்களே அதிகம் என்பதை நாற்பது வயதைத் தாண்டிய அனைவரும் அறிவார்கள்.

நம் தங்கை அமெரிக்காவில், ஒஹையோ ராஜ்யத்தின் தென்கிழக்கே குன்றுகள் நிறைந்த பகுதியில் குடியிருக்கிறாள். கோடை விடுமுறையில் அவள் வீட்டில் ஆறு வாரம் தங்கியிருந்தோம். அவளுடைய கணவர், அதாவது நம் மாப்பிள்ளை, அந்நாட்டுப் பிரஜையாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. அக்கம்பக்கத்துக் குடியானவர்களோடு பழகியதில், அவர்களைப் போலவே தாமும் மான் வேட்டைக்குப் போகவேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டாகிவிட்டது. அதுவும் நீண்ட துப்பாக்கியால் அல்ல, கைத்துப்பாக்கியால்! தங்கைக்கு இது சற்றும் பிடிக்கவில்லை. "அண்ணா, நீங்களாவது புத்தி சொல்லக்கூடாதா?" என்றாள். மாப்பிள்ளையோ, "மச்சான், நீங்கள் பௌதிகம் படித்தவர். நாலு அங்குலக் குழலா, ஆறா, எட்டா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். ஒருவருக்கு வேண்டியது தர்மம். மற்றவருக்கு வேண்டியது கணிதம். நாம் நடுவில் அகப்பட்டுக்கொண்டோம்.

அந்தப் பிரதேசத்தில் வேட்டை எதற்காக நடக்கிறது என்பதை முதலில் விசாரித்தோம். காட்டை அழித்தும், கணக்கின்றிச் சுட்டும், 1904-ஆம் வருஷத்துக்குள் ஒஹையோவில் வெள்ளைவால் மான் என்பதே இல்லாமற் போய்விட்டது. பிறகு வெளியிலிருந்து மான்களைக் கொணர்ந்து விட்டார்கள். 1943-ல் மூன்றே ஜில்லாக்களில் மறுபடி வேட்டைக்கு அனுமதி அளித்தார்கள். ஓநாயும் மலைச்சிங்கமும் முன்னமேயே ஒழிந்துபோனபடியால், மான்கள் பல்கிப் பெருகி, இன்று சோளக்கொல்லைகளை மேய்வதோடு, இரவில் மோட்டார் வண்டிகளுக்கு எதிரே பாய்ந்து தாமும் மடிந்து மனிதருக்கும் அபாயம் விளைவிக்கின்றன. ஆகவே காலம், எண்ணிக்கை, ஆயுதம் யாவற்றையும் வரையறுத்து, அனுமதிச் சீட்டின் பேரில் சர்க்கார் வேட்டையை நடத்துகிறது. வெகுதூரம் பாயும் ரைபிளுக்கு அங்கே மான் வேட்டையில் நெடுங்காலம் இடமில்லை. 2014-ல்தான் நேரான உறையுள்ள தோட்டாவைப் போடும் ரைபிள்களுக்கு மாத்திரம் அனுமதி தந்தார்கள். குறுந்தூரத்துக்கே ஏற்ற கைத்துப்பாக்கியை அங்கே பலர் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழலின் நீளத்தைப் பற்றி அவ்வூரில் மூன்று கட்சிகள் இருந்தன. மாப்பிள்ளை எட்டு அங்குலக் கட்சி. சரியாகச் சொன்னால் 8⅜ அங்குலம். நம் பழைய வாய்ப்பாட்டின்படி எட்டேகாலே அரைக்கால். 1971-ல் வெளிவந்த 'டர்ட்டி ஹாரி' என்ற சினிமாவில் கதாநாயகன் ஏந்தி வந்த .44 மாக்னம் ரிவால்வர் அவர் மனத்தைக் கவர்ந்திருந்தது. அலுவலக நண்பர் ஒருவர் சில வருஷம் அலாஸ்காவில் இருந்தவர். "கரடி எதிர்ப்பட்டால் உறையிலிருந்து சட்டென்று உருவ வேண்டாமா? நாலு அங்குலமே போதும்" என்பது அவர் கட்சி. அடுத்த பண்ணையில் இருக்கும் கிழக் குடியானவர் ஒருவர், "ஆறு" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

இவர்களில் அலாஸ்கா நண்பரின் கட்சியைச் சட்டமே தோற்கடித்தது. ஒஹையோவில் மான் வேட்டைக்கான கைத்துப்பாக்கியின் குழல் 5 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. தற்காப்புக்கு எடுப்பது வேறு, வேட்டைக்கு எடுப்பது வேறு என்பதைச் சட்டம் செய்தவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். ஆக, ஆறுக்கும் எட்டுக்கும் இடையேதான் வழக்கு நின்றது.

இந்த நீளங்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் 1935-ல் .357 மாக்னம் ரிவால்வரை வெளியிட்டபோது, கம்பெனிக் குடும்பத்தைச் சேர்ந்த டக்ளஸ் வெஸ்ஸன் நீண்ட குழலுடைய ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய மிருகங்களை வீழ்த்திக் காட்டினார். இடாஹோ ராஜ்யத்தைச் சேர்ந்த எல்மர் கீத் என்ற வேட்டைக்காரர் அதனினும் வலிய தோட்டா வேண்டுமென்று விடாமல் எழுதி வந்ததன் பயனாக, 1955-ன் இறுதியில் .44 மாக்னம் பிறந்தது. அதற்கு 4, 6½, 8⅜ என்ற நீளங்களில் குழல்கள் வழக்கத்துக்கு வந்தன. பிற்காலத்தில் ஆறரை ஆறாகக் குறைந்தது. மாப்பிள்ளைக்கு இந்தச் சரித்திரம் மனப்பாடம். "கீத் 600 கஜ தூரத்தில் ஒரு மானை ரிவால்வரால் சுட்டிருக்கிறார், தெரியுமா மச்சான்?" என்றார். அப்படி அவரே எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் அந்த மான் வேறொருவர் ரைபிளால் முன்பே காயம் பட்டு ஓடிக்கொண்டிருந்த மான். அது தப்பிப்போய்த் துன்புறாதிருக்க அவர் சுட்டார். அதை எல்லோருக்கும் உரிய அளவுகோலாக எடுத்துக்கொள்வது எப்படிப் பொருந்தும்?

இனிப் பௌதிகத்துக்கு வருவோம். குழல் நீண்டால் குண்டின் வேகம் கூடும் என்பது உண்மை. வெடிமருந்தின் வாயு அதிக நேரம் குண்டைத் தள்ளுகிறது அல்லவா? ஆயினும் ரிவால்வரில் தோட்டா உருளைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி உண்டு; வாயுவில் ஒரு பகுதி அங்கேயே கசிந்துவிடுகிறது. ஓர் அங்குலம் கூடினால் வினாடிக்குச் சுமார் 25 முதல் 50 அடி வேகமே கூடுகிறது. வினாடிக்கு 1,200 முதல் 1,400 அடி வரை பாயும் .44 குண்டுக்கு இந்த வித்தியாசம் சமீபத்தில் நிற்கும் மான் விஷயத்தில் பெரிதல்ல. நீண்ட குழல் குண்டை நேராகச் செலுத்தும் என்று பலர் நம்புகிறார்கள், அதுவும் சரியல்ல. நல்ல குறுங்குழலும் நேராகத்தான் செலுத்தும். நீளத்தால் வரும் மெய்யான லாபம் வேறு. குழல் நுனியில் உள்ள முன்குறிக்கும், கண்ணுக்கு அருகில் உள்ள பின்குறிக்கும் இடையே தூரம் அதிகமாகிறது. அதனால் குறி பார்ப்பதில் நேரும் சிறு பிசகு, இலக்கில் போய்ப் பெரிதாவது குறைகிறது.

இது ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்குத் தெரிந்த ஒத்த முக்கோணக் கணக்கு. சுற்றுலாப் பிரயாணிகள் துப்பாக்கியைக் கையாள்வதற்கு அந்நாட்டுச் சட்டத்தில் பல தடைகள் உண்டு. ஆகவே நாம் ரிவால்வரைத் தொடவில்லை. பென்சிலை எடுத்தோம். முன்குறியைப் பின்குறியோடு பொருத்துவதில் அங்குலத்தில் 50-ல் ஒரு பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர், பிசகுவதாக வைத்துக்கொள்வோம். பழக்கமில்லாத கைக்கு இது மிகைக் கணக்கல்ல. மானின் இருதயமும் நுரையீரலும் உள்ள இடம் சுமார் 8 அங்குல விட்டமுள்ள ஒரு வட்டம். ஆகவே மையத்திலிருந்து 4 அங்குலம் வரை பிசகலாம், அதற்குமேல் ஆகாது. இரு குறிகளுக்கும் இடையே நாலு அங்குலக் குழலில் சுமார் 6 அங்குலமும், ஆறு அங்குலக் குழலில் 8 அங்குலமும், எட்டேகாலே அரைக்காலில் 10½ அங்குலமும் உண்டு. கணக்கைப் போட்டால் முறையே 33 கஜம், 44 கஜம், 58 கஜம் என்று விடை வருகிறது. அந்தத் தூரத்துக்குள் குண்டு வட்டத்தில் விழும். தாண்டினால் விழுவது நிச்சயமில்லை.

காகிதத்தைப் பார்த்த மாப்பிள்ளை, "அப்படியானால் எட்டுத்தானே உயர்த்தி?" என்று உற்சாகமாகக் கேட்டார். நாம் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. பயிற்சியினால் பிசகு பாதியாகக் குறைந்தால், அதே ஆறு அங்குலக் குழலுக்கு 44 கஜம் 88 கஜமாகிறது. இரண்டேகாலே அரைக்கால் அங்குல இரும்பு தருவது 14 கஜம். பழகிய கை தருவது 44 கஜம்! கடைக்காரர் விற்கக்கூடியது முன்னது மாத்திரமே.

கிழக் குடியானவரை மறுபடி சந்தித்தபோது, ஏன் ஆறு என்று கேட்டோம். அவர் குழலைப் பற்றிப் பேசவில்லை. முந்திய வருஷம் வேட்டைக் காலம் முடிந்த பத்தாம் நாள், தம் குளக்கரையில் ஒரு பெண்மானைக் கண்டதாகச் சொன்னார். யாரோ வெகுதூரத்திலிருந்து சுட்ட குண்டு அதன் கீழ்த்தாடையைச் சிதைத்திருந்தது. தண்ணீரண்டை வந்து நிற்கிறது, குடிக்க முடியவில்லை. அவரே அதன் வேதனையை முடித்து வைத்தாராம். "நீளக் குழல் உள்ளவன் நீளமாகச் சுட ஆசைப்படுகிறான்" என்றார். தம் கண்பார்வை மங்கியதால் அவர் ரிவால்வர்மீது ஒரு சிறு தொலைநோக்கியைப் பொருத்தியிருக்கிறார். அப்படிப் பொருத்தியபின் முன்குறியும் இல்லை, பின்குறியும் இல்லை. நீளக் குழலின் முக்கியமான லாபமும் இல்லை.

அன்று மாலை வீடு திரும்பும்வரை மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. தங்கையின் அச்சம் இன்னதென்று நமக்கும் அப்போதுதான் விளங்கியது. மான் சாவதை அவள் அவ்வளவாக எண்ணவில்லை. சாகாமல் ஓடிப்போவதைத்தான் அஞ்சினாள். நம் இருவருக்கும் இட்ட வேலை ஒன்றேதான் என்று தெரிந்துவிட்டபடியால், தீர்ப்புச் சொல்வது எளிதாயிற்று. வயலோரத்து மரத்தில் மேடை கட்டி அசையாமல் உட்கார்ந்து சுடுபவருக்கு எட்டு அங்குலம் பொருந்தும். அதன் கனமும் உதையைத் தாங்க உதவும். மாப்பிள்ளை போகப்போவதோ புதர் அடர்ந்த சரிவில், நடந்து. அங்கே ஐம்பது கஜத்துக்கு அப்பால் கண்ணே எட்டாது. இடுப்புறையில் எட்டு அங்குலக் குழல் உட்காரும்போதெல்லாம் தரையில் இடிக்கும். ஆகையால் ஆறு அங்குலம் என்று சொன்னோம். கூடவே ஒரு நிபந்தனையும் விதித்தோம்: 8 அங்குலக் காகிதத் தட்டில் எத்தனை கஜத்திலிருந்து ஆறு குண்டும் தவறாமல் விழுகிறதோ, அதுவே எல்லை. மாப்பிள்ளை சம்மதித்தார்.

நாம் ஊர் திரும்புமுன் இரண்டு வாரம் அவர் பழகியதைப் பார்த்தோம். அதே துப்பாக்கியில் போடக்கூடிய .44 ஸ்பெஷல் என்னும் மெல்லிய தோட்டாவில் ஆரம்பித்தார். 20 கஜத்தில் முதல்நாள் ஆறில் மூன்று தட்டில் விழுந்தன. உதைக்கு அஞ்சிக் கை முன்கூட்டியே குலுங்குவதுதான் காரணம் என்றார் கிழவர். இலையுதிர் காலம் வருவதற்குள், மாக்னம் தோட்டாவிலேயே 40 கஜத்தில் ஆறும் விழுவதாகக் கடிதம் வந்தது. வேட்டைக்குத் தேர்ந்த இடத்தைச் சுற்றிலும் 40 கஜம் அளந்து, மரங்களில் நாடா கட்டி வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார்.

டிசம்பர் மாதம் தங்கை டெலிபோனில் பேசினாள். முதல் நாள் பெரிய கொம்புள்ள ஆண்மான் ஒன்று நாடாவுக்கு அப்பால் இருபது கஜத்தில் கால்மணி நேரம் மேய்ந்துவிட்டுப் போயிற்றாம். மாப்பிள்ளை உறையிலிருந்து ரிவால்வரை எடுக்கவேயில்லை. கடைசி நாளில் ஒரு பெண்மான் 25 கஜத்தில் வந்து நின்றது. ஒரே குண்டு, பத்தடி நடந்து விழுந்தது. "துடித்ததா என்றுதான் முதலில் கேட்டேன், அண்ணா. இல்லை என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை" என்றாள். மாமிசத்தில் பாதி கிழவர் வீட்டுக்குப் போயிற்று.

மறுவாரம் மாப்பிள்ளையின் கடிதம் வந்தது. "மச்சான், அடுத்த வருஷம் எட்டு அங்குலம் வாங்கினால் நாடாவை இன்னும் 14 கஜம் தள்ளிக் கட்டலாம் அல்லவா?" என்று கேட்டிருந்தார். காகிதத் தட்டுகள் அதைவிட மலிவு என்று பதில் எழுதினோம்.