நைனா சிகரத்துக்கு ஒரு பகல் நடை

உத்தராகண்டின் நைனிதாலுக்குச் செல்வோர் ஏரியைக் கண்டதோடு திரும்பிவிடாதீர்கள். சுமார் 2,600 மீட்டர் உயரமுள்ள நைனா சிகரம் ஆறு கிலோமீட்டர் தொலைவுதான். ஏற்றமோ ஏறத்தாழ 700 மீட்டர்.

மல்லிதால் ஜாமிஆ மஸ்ஜிதில் சுபுஹுத் தொழுது, வெளிச்சம் வந்ததும் புறப்படுங்கள். மேகம் திரளாத காலையில்தான் நந்தாதேவி தெரியும். வழியெங்கும் ஓக் மரங்கள். இலையைப் புரட்டினால் அடிப்புறம் வெண்சாம்பலாய் இருக்கும். அதன் சருகு வழுக்கும், செருப்பு உதவாது.

கைவசமுள்ள தண்ணீர் குடிக்க மட்டுமே போதுமெனில், தயம்மும் செய்து லுஹர் தொழ மார்க்கம் இடமளிக்கிறது. சிறுத்தை உலவும் காடாதலால் அஸருக்குள் ஏரிக்கரைக்கு வந்துவிட வேண்டும். நண்பகலுக்குப்பின் ஏறாதீர்கள். முதியவர் ஒருவர் களைத்தால், குழு முழுவதும் அவருடனே இறங்கட்டும்.