பழைய பெட்டியும் புத்தகப் புழுவும்

கணினி எப்போது பழையதாகிறது? சட்டியும் சைக்கிளும் தேய்ந்து பழையதாகின்றன. கணினியோ பெரும்பாலும் தேயாமலேயே பழையதாகிவிடுகிறது. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளத்திற்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் நாள் முடிந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. அந்த நாள்களில் எந்தப் பெட்டியும் நின்றுவிடவில்லை. மின்சாரம் கொடுத்தால் விசிறி சுழன்றது, திரையும் ஒளிர்ந்தது. புதிது புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கத்தான் ஆளில்லாமற் போயிற்று. உடனே வீடுகளிலும் அலுவலகங்களிலும் அவை பரண் ஏறின.

எங்கள் பங்கு அலுவலகத்தின் பரணிலும் அத்தகைய பெட்டி ஒன்று கிடந்தது. 2005இல் வாங்கியது, பென்டியம் 4 சில்லு, 256 மெகாபைட் நினைவகம், 80 கிகாபைட் வன்தட்டு. அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால், கல்லறைத் தோட்டத்தின் பழைய பதிவேட்டில் 1950 முதல் 1980 வரையிலான பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. காலஞ்சென்ற உபதேசியார் ஒருவர், அது நல்ல நிலையில் இருந்தபோதே முழுவதையும் இந்தக் கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். வேறு படி எதுவும் இல்லை. 1968இல் அடக்கம் செய்யப்பட்ட தம் பாட்டியின் குழி எங்கே இருக்கிறது என்று மும்பையிலிருந்து ஓர் அம்மையார் கடிதம் எழுதிக் கேட்டபோதுதான் எல்லாரும் அண்ணாந்து பரணைப் பார்த்தோம்.

கணினி பழுதுபார்க்கும் தொழிலிலுள்ள எங்கள் பங்கு இளைஞர் ஒருவர் வந்தார். “சாமி, இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசாவே ஒண்ணு வாங்கிடலாம்” என்றார். “வாங்கலாம் தம்பி, பதிவேடு இதற்குள்ளே அல்லவா இருக்கிறது?” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே திருப்புளியை எடுத்தார்.

உள்ளே இரண்டு விரற்கடை தூசி. மூலையில் பல்லி முட்டைகள். சில்லுக்கும் அதன் வெப்பத்தை வாங்கும் உலோகத் தகட்டுக்கும் இடையே தடவியிருந்த பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. அதைச் சுரண்டிவிட்டுப் புதுப்பசை தடவினார். அக்காலத்துத் தாய்ப்பலகைகள் பலவற்றில் மின்தேக்கிகள் தலை வீங்கி வெடிப்பது உண்டாம். இதில் அவை நன்றாகவே இருந்தன. நாணயம் போன்ற சிறு மின்கலம் மட்டும் செத்திருந்தது. கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான் என்பதால், கணினி தன்னை இன்னும் 2005 சனவரி 1ஆம் நாளிலேயே இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தது. மின்கலத்தை மாற்றினார். சென்னை ரிச்சி தெருவில் பழைய நினைவகத் தகடுகள் இரண்டு வாங்கிவந்து, ஒரு கிகாபைட் ஆக்கினார். ஆயினும் பழைய இயங்குதளம் பாதி வழியில் நின்றது. என்றோ ஒரு மின்வெட்டில் அதன் கோப்புகள் சில சிதைந்திருக்கவேண்டும் என்பது அவருடைய கணிப்பு.

இங்கேதான் லினக்ஸ் வந்தது. 1991 ஆகஸ்டில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காகத் தாம் எழுதிவந்த ஒரு நிரலைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். எவரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்ற உரிமத்தோடு அது வளர்ந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு 1993இல் இயன் மர்டாக் தொடங்கியது டெபியன். தம் காதலி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்து அவர் வைத்த பெயர் அது. (இருவரும் பின்னர் மணந்து, பிரிந்தும் போயினர், பெயர் மட்டும் பிரியவில்லை.) டெபியனின் பதிப்புகளுக்கு ‘டாய் ஸ்டோரி’ என்னும் சித்திரப் படத்தின் பாத்திரப் பெயர்களையே சூட்டுவார்கள். 2023இல் வந்த 12ஆம் பதிப்பின் பெயர் ‘புக்வார்ம்’, அதாவது புத்தகப் புழு. அதன்மேல் கட்டப்பட்டு, 512 மெகாபைட் நினைவகத்திலும் ஓடக்கூடிய ‘ஆன்டிஎக்ஸ்’ என்பதையே இளைஞர் கொண்டுவந்தார். புழு தின்ற ஏட்டை மீட்கப் புத்தகப் புழுவா என்று உபதேசியார் கேட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது.

குருமடத்தில் மெய்யியல் படித்தவனுக்கு இங்கே உடலும் ஆன்மாவும் நினைவுக்கு வருவது இயல்பு. அந்த உவமை எனக்குப் பிடிக்கவில்லை. இயங்குதளம் கணினியின் உயிரன்று. பெரிய வீட்டின் விசாரிப்புக்காரனைப் போன்றது: யாருக்கு எவ்வளவு இடம், யார் முதலில், யார் பிறகு என்று பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. வீடு சிறியதானால் குறைவாகச் செலவழிக்கும் விசாரிப்புக்காரன் வேண்டும். அவ்வளவுதான்.

அதை டிவிடியிலிருந்தே இயக்கிப் பார்க்க முடிந்தது. நாம் சொல்லும்வரை வன்தட்டில் ஓர் எழுத்தையும் அது மாற்றாது. ஆகவே முதலில் உபதேசியாரின் கோப்புகளையெல்லாம் இரண்டு பென் டிரைவ்களில் படியெடுத்தோம். பிறகு ஒன்றைத் திறந்தோம். ‘தமிழ்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என ஆங்கிலத் தட்டச்சு நின்றது. யூனிகோடு பரவும் முன்பு தமிழர் பலர் பயன்படுத்திய பாமினி எழுத்துருவின் வேலை இது. ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழெழுத்தின் வடிவத்தை அமர்த்தியிருப்பார்கள். எழுத்துரு போனால் வடிவமும் போகும். பாமினியை நிறுவியதும் ஏடு தமிழாயிற்று. அதை யூனிகோடாக மாற்றும் நிரலும் இலவசமாகவே கிடைத்தது. இடையிடையே ஆங்கிலத்தில் இருந்த சொற்களையும் அந்நிரல் தமிழென்று எண்ணி உருக்குலைத்துவிட்டதால், உறுதிபூசுதல் வகுப்புப் பிள்ளைகள் மூன்று வாரம் மாலைதோறும் அமர்ந்து பெயர் பெயராகச் சரிபார்த்தார்கள். தம் பாட்டன் பூட்டன் பெயர் வரும்போதெல்லாம் வேலை நின்றது. அதை நான் தடுக்கவில்லை.

1968ஆம் ஆண்டில், “மேற்கு மதிலோரம், வேப்பமரத்துக்கு வடக்கே மூன்றாவது” என்று அந்தப் பாட்டியின் பெயருக்கு எதிரே இருந்தது. வேப்பமரம் இன்று இல்லை. அதன் வேர்க்கட்டை மதிலடியில் இருக்கிறது, கோயில்பிள்ளை காட்டினார். அங்கிருந்து அளந்து கல் நட்டோம்.

அதன் பிறகே ஆன்டிஎக்ஸை வன்தட்டில் நிறுவினோம். கடிதமும் அறிவிப்பும் தட்டச்சு செய்ய இப்பெட்டி இன்று போதும். காணொளிக்கு உதவாது. மடிக்கணினியைவிடப் பன்மடங்கு மின்சாரம் தின்கிறது. வேலை முடிந்ததும் அணைத்துவிட வேண்டும். பழையதெல்லாம் காக்கத்தக்கது என்று வாதிட எனக்கு எண்ணமில்லை. எனினும் 2022இல் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன் என்றும், அதில் நான்கில் ஒரு பங்குகூட முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவில்லை என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை சொல்கிறது. எடைக்குப் போடுமுன் டிவிடி ஒன்றைச் செருகிப் பார்ப்பதில் நட்டமில்லை.

இந்தத் தன்னார்வலரின் பொறுமைக்கும் எல்லை உண்டு. 2025 ஆகஸ்டு 9இல் வெளிவந்த டெபியன் 13, எங்களுடையதைப் போன்ற 32 பிட் கணினிகளில் நிறுவுவதற்கான வட்டைத் தரவில்லை. அதனால் பதிவேட்டைத் தாளில் இரண்டு படி அச்சிட்டு, கட்டம் கட்டி, ஒன்றை மறைமாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். மற்றொன்று இரும்பு அலமாரியில், கற்பூர உருண்டைகளோடு இருக்கிறது.